நடுப்படி இல்லாத ஏணி

பெறுநர்: பிரிமியர் லீகின் பெரிய கிளப்புகளை நடத்தும் உரிமையாளர்கள், விளையாட்டு இயக்குநர்கள், இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் பொறுப்பாளர்கள்.

ஆகஸ்ட் 2025

அன்புடையீர்,

2025–26 பருவம் தொடங்கிவிட்டது. இங்கிலாந்தின் முதல்நிலை லீகான பிரிமியர் லீகின் இருபது கிளப்புகளிலும் தொடக்கத்தில் மேனேஜர் (தலைமைப் பயிற்சியாளர்) நாற்காலியில் யார் யார் இருந்தார்கள் என்று எண்ணினோம். ஸ்பெயின்காரர்கள் நால்வர், போர்ச்சுகல்காரர்கள் நால்வர், ஜெர்மானியர் இருவர். டென்மார்க், ஆஸ்திரியா, நெதர்லாந்து, இத்தாலி, பிரான்ஸ், அயர்லாந்திலிருந்து ஆளுக்கு ஒருவர். இங்கிலாந்துக்காரர்கள் மூவர்: நியூகாசிலில் எடி ஹவ், வெஸ்ட் ஹாமில் கிரஹாம் பாட்டர், பர்ன்லியில் ஸ்காட் பார்க்கர். எவர்ட்டனின் டேவிட் மோய்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். அவரையும் சேர்த்தால் பிரிட்டிஷார் நான்கு பேர். ஆர்சனல், செல்சி, லிவர்பூல், டாட்டன்ஹாம், மான்செஸ்டரின் இரண்டு கிளப்புகள் ஆகிய பெரிய ஆறில் ஒருவர்கூட இல்லை.

1992-இல் இதே லீக் தொடங்கியபோது 22 கிளப்புகள். இருபத்திரண்டு மேனேஜர்களும் பிரிட்டன் அல்லது அயர்லாந்தைச் சேர்ந்தவர்கள். அடுத்த பருவத்தில் டாட்டன்ஹாமுக்கு அர்ஜென்டினாவின் ஆஸ்வால்டோ ஆர்டிலெஸ் வந்தார். 1996-இல் செல்சிக்கு ரூட் குல்லிட், ஆர்சனலுக்கு ஆர்சென் வெங்கர். அதற்குப் பிறகு கதவு மூடவே இல்லை. மூடவேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. வெங்கர் வந்திராவிட்டால் இந்த லீகை உலகம் இப்படிப் பார்த்திருக்குமா என்பதே சந்தேகம்.

இந்தப் பேச்சு எழுந்தாலே இங்கிலாந்து மேனேஜர் சாம் அலார்டைஸ் சொன்னதை யாராவது எடுத்துப் போடுவார்கள். தன் பெயர் அலார்டைஸாக இல்லாமல் இத்தாலியப் பெயர்போல ‘அலார்டிச்சி’ என்று இருந்திருந்தால் பெரிய கிளப் கிடைத்திருக்கும் என்ற பொருளில் அவர் சலித்துக்கொண்டது. சிரிக்க நன்றாக இருக்கிறது. நோய் எது என்று அது சொல்லவில்லை. பாஸ்போர்ட்டைப் பார்த்து நீங்கள் ஆளை ஒதுக்குகிறீர்கள் என்று நாங்கள் நம்பவில்லை. எங்கள் குற்றச்சாட்டு வேறு. பிரிட்டிஷ் மேனேஜருக்கு நீங்கள் வாய்ப்புக் கொடுத்த சில தடவைகளிலும் அது வாய்ப்பாக இருக்கவில்லை. அந்த வாய்ப்புக்கு ஒருவரைத் தயார்ப்படுத்தும் நடுப்படியையும் இங்கிலாந்துக் கால்பந்து தானே உடைத்துப் போட்டுவிட்டது.

முதலில் கணக்கு. பிரிமியர் லீகின் 33 பருவங்களில் பட்டம் வென்ற மேனேஜர்களைப் பாருங்கள். அலெக்ஸ் ஃபெர்குசன் 13, 1995-இல் பிளாக்பர்னுடன் கென்னி டால்கிலிஷ் 1. ஆக ஸ்காட்லாந்துக்கு 14. மீதி 19-உம் ஐரோப்பியக் கண்டத்தாருக்கும் சிலியின் மனுவேல் பெல்லெக்ரினிக்கும். இங்கிலாந்துக்காரர் ஒருவர்கூட இல்லை. இங்கிலாந்தின் முதல்நிலைப் பட்டத்தைக் கடைசியாக வென்ற இங்கிலாந்துக்காரர் லீட்ஸின் ஹோவர்ட் வில்கின்சன். அது 1991–92, பிரிமியர் லீக் பிறப்பதற்கு முந்தைய பருவம். பிறவியிலேயே திறமை இல்லாத மண் என்று சொல்ல வழியில்லை. 1977 முதல் 1982 வரை தொடர்ந்து ஆறு ஆண்டுகள் ஐரோப்பியக் கோப்பையை (இன்றைய சாம்பியன்ஸ் லீக், ஐரோப்பியக் கிளப்புகளின் உச்சப் போட்டி) இங்கிலாந்து கிளப்புகள் வென்றன. பாப் பெய்ஸ்லி மூன்று முறை, பிரையன் கிளஃப் இரண்டு முறை, டோனி பார்ட்டன் ஒரு முறை. ஆறும் இங்கிலாந்து மேனேஜர்களுடையவை. 1984-இல் ஜோ ஃபேகன் ஏழாவதைச் சேர்த்தார். அத்தோடு நின்றுபோனது.

ஃபெர்குசன் ஓய்வுபெற்ற 2013 கோடையிலிருந்து 2025 ஆகஸ்ட் வரை பெரிய ஆறு கிளப்புகள் நியமித்த பிரிட்டிஷ் மேனேஜர்கள் மொத்தம் நான்கு பேர்தான்; தற்காலிகப் பொறுப்பாளர்களை இதில் சேர்க்கவில்லை. மான்செஸ்டர் யுனைடெட்டில் மோய்ஸ், டாட்டன்ஹாமில் டிம் ஷெர்வுட், செல்சியில் ஃபிராங்க் லாம்பார்ட், மீண்டும் செல்சியில் பாட்டர். நால்வரும் பணியில் இருந்த காலத்தைக் கூட்டினால் மூன்றரை ஆண்டுகூடத் தேறாது. ஆர்சனல் தன் பங்குக்கு 1996-இல் புரூஸ் ரியோக்கை அனுப்பிய பிறகு ஒரு பிரிட்டிஷ் மேனேஜரையும் நிரந்தரமாக எடுக்கவில்லை. மான்செஸ்டர் சிட்டியில் கடைசி ஆள் வேல்ஸின் மார்க் ஹியூஸ், 2009 டிசம்பரில் போனவர்.

இந்த நால்வரையும் ஒன்றாக எடைபோடக் கூடாது. ஷெர்வுட் அதுவரை எந்த முதல் அணியையும் நடத்தாதவர். பருவத்தின் நடுவில் ஒட்டுப்போட எடுத்த ஆள், மே மாதம் கழற்றிவிட்டார்கள். லாம்பார்ட் டெர்பியில் ஒரே ஒரு பருவம், அதுவும் இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில். ஆறாம் இடம், முதல் நிலைக்கு ஏறுவதற்கான பிளே-ஆஃப் இறுதியில் தோல்வி. அந்தத் தகுதியோடு வேறு எவரும் செல்சியின் வாசலைக்கூட மிதித்திருக்க முடியாது. ஆட்டக்காரராக அவருக்கு இருந்த பெயர்தான் உள்ளே கொண்டுவந்தது. ஆனால் அவர் வந்த கோடையில் செல்சிக்குப் புது ஆட்டக்காரர்களை வாங்கத் தடை. ஈடன் ஹஸார்ட் ரியல் மாட்ரிட்டுக்குப் போய்விட்டார். மேசன் மவுண்ட், ரீஸ் ஜேம்ஸ், டேமி ஏப்ரஹாம் என்று அகாடமிப் பிள்ளைகளை வைத்து நான்காம் இடம் பிடித்தார். 2021 ஜனவரியில் ஒன்பதாம் இடத்தில் இருந்தபோது நீக்கப்பட்டார். பின்னால் வந்த தோமஸ் டூஹெல் நான்கே மாதத்தில் சாம்பியன்ஸ் லீகை வென்றார். அந்த நீக்கம் தவறு என்று யாராலும் வாதாட முடியாது. எங்கள் கேள்வி, அந்த நியமனம் சரிதானா என்பது. பெயருக்காக ஒருவரை அகாலத்தில் ஏற்றிவிட்டு, அவர் விழுந்ததும் ‘பிரிட்டிஷ் மேனேஜர்கள் இப்படித்தான்’ என்று கணக்கு எழுதுவது பிழையான புத்தகம்.

மோய்ஸும் பாட்டரும் அப்படியல்ல. இருவரும் ஏணியின் அடியிலிருந்து ஏறியவர்கள். அவர்களை வைத்துத்தான் உங்கள் நியமன முறையைச் சோதிக்க வேண்டும்.

மோய்ஸ் எவர்ட்டனில் பதினோரு ஆண்டுகள் இருந்தவர். யுனைடெட் அவருக்கு ஆறு ஆண்டு ஒப்பந்தம் கொடுத்தது; பத்து மாதத்தில் அனுப்பியது. அவர் வந்த அதே கோடையில் ஃபெர்குசன் மட்டும் போகவில்லை, தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் போனார். ஆட்டக்காரர்களை வாங்கத் தெரிந்தவர், ஆட்டக்காரர்களை நடத்தத் தெரிந்தவர் என இரண்டு தூணும் ஒரே நாளில் சாய்ந்தன. புது நிர்வாகத்தின் முதல் கோடையில் பெரிய வரவாக மிஞ்சியது மரூவான் ஃபெல்லைனி ஒருவர். அவருடைய ஒப்பந்தத்தில் 2.35 கோடி பவுண்டுக்கு விடுவிக்கும் விதி ஜூலையோடு காலாவதியானது. அதைத் தவறவிட்டு, ஆட்டக்காரர்களை வாங்கும் கெடுவான விண்டோ மூடும் நாளில் 2.75 கோடி கொடுத்து வாங்கினார்கள். வீட்டுக்கு விருந்தாளி வந்த பிறகு கடைக்கு ஓடும் கதை. மோய்ஸின் பிழையும் இருக்கிறது, மறைக்கவேண்டாம். மைக் ஃபீலன், ரெனே மியூலன்ஸ்டீன், கோல்கீப்பர் பயிற்சியாளர் எரிக் ஸ்டீல் என்று அந்த உடைமாற்றும் அறையின் நெளிவுசுளிவு தெரிந்தவர்கள் வெளியேற, எவர்ட்டனிலிருந்து தன் ஆட்களைக் கொண்டுவந்தார். முந்தைய பருவத்தின் சாம்பியன் அணியை நடத்த, அந்த அணியை அறிந்த ஒரு மூத்த பயிற்சியாளரையாவது வைத்துக்கொள் என்று சொல்ல அன்று அங்கே ஒரு விளையாட்டு இயக்குநர் இல்லை. இருந்திருந்தால் அது அவருடைய முதல் வேலை.

பாட்டரின் பாதை இன்னும் வியப்பானது. 2011-இல் ஸ்வீடனின் நான்காம் நிலையில் கிடந்த ஓஸ்டர்சுண்டை எடுத்து முதல் நிலைக்கு உயர்த்தி, 2017-இல் ஸ்வீடன் கோப்பையை வென்று, அடுத்த ஆண்டு ஐரோப்பாவின் இரண்டாம் நிலைக் கிளப் போட்டியான யூரோப்பா லீகில் ஆர்சனலை அதன் சொந்த மைதானத்திலேயே 2–1 என்று வென்றவர். இரண்டு ஆட்டங்களின் கூட்டுக்கணக்கில் மட்டும் தோற்றார். பிறகு ஸ்வான்சி, பிரைட்டன். 2021–22-இல் பிரைட்டனை ஒன்பதாம் இடத்துக்குக் கொண்டுவந்தார். இதைவிட நல்ல தேர்வை ஒரு பெரிய கிளப் செய்திருக்க முடியாது. அதே சமயம் இதைவிட மோசமாக அதை நடைமுறைப்படுத்தியிருக்கவும் முடியாது.

2022 செப்டம்பர்: பருவம் தொடங்கி ஆறு லீக் ஆட்டங்கள் முடிந்த பிறகு நியமனம். பருவத்துக்கு முந்தைய ஆறு வாரப் பயிற்சிக் காலம்தான் ஒரு மேனேஜர் தன் பிரஸ்ஸிங்கையும் (எதிரணியை நெருக்கிப் பந்தைப் பறிக்கும் முறை), கோல்கீப்பரிடமிருந்து பந்தை நகர்த்தும் முறையையும் ஆட்டக்காரர்களின் காலில் ஏற்றும் காலம். அது அவருக்குக் கிடைக்கவில்லை. மூன்று நாளுக்கு ஒரு ஆட்டம் என்று ஓடும்போது பயிற்சி என்பது தசைகளை ஆற்றுவதும் எதிரணியின் காணொளியைப் பார்ப்பதும்தான், புதிதாக எதையும் கற்பிக்க முடியாது. நவம்பரில் உலகக்கோப்பை வந்து பாதி அணியைக் கத்தாருக்குக் கொண்டுபோனது. ரீஸ் ஜேம்ஸ், பென் சில்வெல், கான்டே என்று காயப்பட்டியல். ஜனவரியில் என்சோ ஃபெர்னாண்டஸ், மிகைலோ முத்ரிக், நோனி மதுவேகே, பெனுவா பதியாஷில், கடனாக ஜோவோ ஃபெலிக்ஸ் என்று வண்டி வண்டியாக ஆட்கள் வந்து இறங்கினார்கள். உடைமாற்றும் அறையில் இடம் போதவில்லை என்றே அப்போது செய்தி வந்தது. சாம்பியன்ஸ் லீக் விதிப்படி அவர்களில் மூன்று பேரை மட்டுமே பட்டியலில் சேர்க்கலாம். ஆக, வாரக் கடைசிக்கு ஒரு அணி, நடுவாரத்துக்கு வேறு அணி. முப்பதுக்கு மேல் ஆட்டக்காரர்கள் இருந்தால் பயிற்சி மைதானத்தில் பதினொன்றுக்குப் பதினொன்று ஆடிப்பார்த்த பிறகும் பத்துப் பேர் ஓரத்தில் நிற்பார்கள். நிற்பவர்கள் சும்மா நிற்கமாட்டார்கள். அவர்களுடைய முகவர்கள் பேசுவார்கள். ஜெர்மனியின் டார்ட்மண்டை வீழ்த்தி சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்கு அணியைக் கொண்டுபோன சில வாரங்களில், 31 ஆட்டங்களோடு பாட்டரை நீக்கினார்கள். லீகில் அப்போது பதினோராம் இடம். எஞ்சிய பருவத்தை நடத்த லாம்பார்ட் வந்தார். அணி பன்னிரண்டாம் இடத்தில் முடிந்தது. ஆள் மாறியதால் நிலைமை மாறவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

‘வெளிநாட்டு மேனேஜர்களையும்தானே நாங்கள் அனுப்புகிறோம்’ என்பீர்கள். உண்மை. பாட்டருக்கு இடம் கொடுக்க நீங்கள் அனுப்பியதே சாம்பியன்ஸ் லீக் வென்ற டூஹெலைத்தான். போர்ச்சுகலின் நூனோவுக்கு டாட்டன்ஹாமில் பத்து லீக் ஆட்டம்; அங்கேயே ஆஸ்திரேலியாவின் ஆஞ்சே போஸ்டகோக்லு யூரோப்பா லீகை வென்று பதினாறாவது நாளில் வேலை இழந்தார். பொறுமையின்மையில் நீங்கள் பாரபட்சம் காட்டுவதில்லை. வேறுபாடு இரண்டு இடங்களில் இருக்கிறது: விழுந்த பிறகு என்ன ஆகிறது, ஏறுவதற்கு முன் என்ன இருக்கிறது.

விழுந்த பிறகு: உனாய் எமெரியை ஆர்சனல் 2019 நவம்பரில் நீக்கியது. அவர் ஸ்பெயினுக்குத் திரும்பி வில்லாரியாலோடு 2021-இல் யூரோப்பா லீக் வென்றார், அடுத்த ஆண்டு சாம்பியன்ஸ் லீக் அரையிறுதி, பிறகு ஆஸ்டன் வில்லா. கீழே ஒரு வலை விரித்திருந்தது. அந்த வலையிலும் ஐரோப்பிய ஆட்டங்கள் இருந்தன. மோய்ஸ் ரியல் சோசியதாதில் ஓராண்டு இருந்துவிட்டு, சண்டர்லாந்துக்குப் போய் 2017-இல் அணியோடு இரண்டாம் நிலைக்குக் கீழிறங்கினார். அவர் மறுபடி எழுந்து வெஸ்ட் ஹாமுக்கு 2023-இல் ஐரோப்பாவின் மூன்றாம் நிலைப் போட்டியான கான்பரன்ஸ் லீக் கோப்பையை வாங்கித்தர, யுனைடெட்டிலிருந்து போன பிறகு ஒன்பது ஆண்டுகள் ஆயின. பிரிட்டிஷ் மேனேஜர் விழும்போது நேரே கீழிறக்கப் போராட்டத்தில்தான் விழுகிறார்.

ஏறுவதற்கு முன் இருப்பதுதான் இந்த மடலின் மையம். நீங்கள் அண்மையில் நியமித்த வெளிநாட்டு மேனேஜர்களின் தன்விவரக் குறிப்பைப் பாருங்கள். லிவர்பூல் எடுத்த ஆர்னே ஸ்லாட்: நெதர்லாந்தின் ஃபெயனூர்டோடு 2022-இல் கான்பரன்ஸ் லீக் இறுதி, 2023-இல் டச்சு லீக் பட்டம். மான்செஸ்டர் யுனைடெட் எடுத்த ரூபன் அமோரிம்: ஸ்போர்ட்டிங்கோடு 2021, 2024 போர்ச்சுகல் பட்டங்கள். இவர்கள் வந்த இடங்களில் ஒரு மேனேஜர் ஒவ்வொரு வாரமும் வெல்லவேண்டிய அணியை நடத்திப் பழகுகிறார். எதிரணி பத்துப் பேரைப் பின்னால் நிறுத்தி அடைத்துக்கொள்ளும்போது அதைத் திறக்கும் வித்தையைக் கற்கிறார். வியாழன் ஐரோப்பா, ஞாயிறு லீக் என்று அணியைச் சுழற்றக் கற்கிறார். பதக்கத்தோடு வருகிறார்.

இங்கிலாந்தில் வளரும் மேனேஜர் என்ன கற்கிறார்? சாம்பியன்ஷிப்பிலிருந்து அணியை உயர்த்துகிறார். உயர்ந்த அடுத்த நாள் அவர் லீகிலேயே மிகக் குறைந்த சம்பளப் பட்டியலுக்குச் சொந்தக்காரர். பந்து பெரும்பாலும் எதிரணியிடம். தாழ்ந்த தடுப்புவரிசை, உயரமான முன்கள ஆட்டக்காரருக்கு நீண்ட பந்து, கார்னரிலும் ஃப்ரீ-கிக்கிலும் கோல். ஷான் டைச் 2017–18-இல் பர்ன்லியை ஏழாம் இடத்துக்குக் கொண்டுவந்தது இப்படித்தான்: 38 ஆட்டங்களில் அடித்த கோல் 36, வாங்கியது 39, புள்ளிகள் 54. பர்ன்லியின் பணப்பையை வைத்துப் பார்த்தால் அது ஒரு பட்டத்துக்குச் சமம். ஆனால் உங்கள் தரவு அறையில் அது ‘எங்களுக்குப் பொருந்தாத பாணி’ என்று பதிவாகிறது. அதே பர்ன்லியை அழகாக ஆடவைத்து 2024-இல் 24 புள்ளிகளோடு கீழிறங்கிய வின்சென்ட் கோம்பனியை பேயர்ன் மியூனிக் எடுத்துக்கொண்டது. அடுத்த பருவமே ஜெர்மன் பட்டம். பேயர்ன் தவறு செய்யவில்லை. இருபத்துநான்கு புள்ளிகளைத் தாண்டி, பயிற்சியில் என்ன நடக்கிறது என்று பார்க்கத் தெரிந்தவர்கள் அங்கே இருந்தார்கள். அந்தக் கண்ணை நீங்கள் உள்ளூர் ஆட்கள்மீது திருப்புவதில்லை.

நடுப்படி முன்பு இருந்தது. எட்டாம் இடத்துக்கும் பதினான்காம் இடத்துக்கும் நடுவில், கீழிறங்கும் பயமில்லாத, கொஞ்சம் பரிசோதனை செய்ய இடம் தரும் கிளப்புகள்தான் அந்தப் படி. 2025–26 தொடங்கியபோது பிரைட்டன், போர்ன்மவுத், ஃபுல்ஹாம், கிறிஸ்டல் பாலஸ், உல்வ்ஸ் ஐந்திலும் ஐரோப்பியக் கண்டத்து மேனேஜர்கள் இருந்தார்கள். 2023-இல் போர்ன்மவுத்தைக் கீழிறங்காமல் காப்பாற்றிய கேரி ஓ’நீலை அந்தக் கோடையிலேயே நீக்கி அன்டோனி இராவோலாவை எடுத்தார்கள். அப்போது அநியாயம் என்று பலரும் கொதித்தார்கள். இராவோலா முதல் பருவத்தில் 48 புள்ளி, அடுத்ததில் 56 புள்ளியோடு ஒன்பதாம் இடம். அந்தக் கிளப்பின் முடிவு சரி. ஒவ்வொரு கிளப்பும் தனக்குச் சரியானதைச் செய்யும்போது மொத்தத்தில் ஒரு படி காணாமல் போகிறது; அதைக் கவனிக்கவேண்டியவர்கள் கிளப்புகள் அல்ல, சங்கத்தார்.

சங்கத்தாருக்கு இங்கே கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2010-இல் பரவலாக வெளியான ஐரோப்பியக் கால்பந்துக் கூட்டமைப்பான யூஇஎஃப்ஏவின் கணக்கின்படி அதன் பி, ஏ, ப்ரோ பயிற்சியாளர் உரிமங்களை வைத்திருந்த இங்கிலாந்துப் பயிற்சியாளர்கள் 2,769 பேர். ஸ்பெயினில் 23,995, இத்தாலியில் 29,420, ஜெர்மனியில் 34,970. இன்று ஐம்பது வயதைத் தொட்டிருக்கும் மேனேஜர் தலைமுறை அந்தப் பஞ்ச காலத்தில் உருவானது. 2012-இல் பர்ட்டனில் 10.5 கோடி பவுண்டுச் செலவில் செயின்ட் ஜார்ஜ் பார்க் திறந்தீர்கள். நல்ல காரியம். ஆனால் ப்ரோ உரிமப் படிப்பில் இடம் கிடைக்கப் பெரும்பாலும் ஏற்கெனவே தொழில்முறை அணியில் வேலை இருக்கவேண்டும். நல்ல வேலை கிடைக்க அந்த உரிமம் வேண்டும். பெயர்பெற்ற முன்னாள் ஆட்டக்காரருக்கு இந்த முடிச்சு தானாக அவிழும், மற்றவர்களுக்கு அவிழாது. போதாக்குறைக்கு, விதைநெல் வைத்திருக்கும் வீடே கடையில் அரிசி வாங்கியதுபோல, தேசிய அணிக்கு எரிக்ஸன், கபெல்லோவுக்குப் பிறகு மூன்றாவது வெளிநாட்டவராக டூஹெலை நியமித்தீர்கள். அவர் தகுதியைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் சொந்த மாணவர்களில் ஒருவரையும் நீங்களே நம்பவில்லை என்றால், ஒரு கிளப்பின் அமெரிக்க உரிமையாளர் ஏன் நம்பவேண்டும்?

பிரிட்டிஷ் மேனேஜர்களும் தப்பிக்க முடியாது. ஒரு காலத்தில் அவர்கள் கடல் தாண்டினார்கள். பாபி ராப்சன் நெதர்லாந்தின் ஐந்தோவனோடும் போர்ச்சுகலின் போர்ட்டோவோடும் தலா இரண்டு லீக் பட்டம் வென்று, பார்சிலோனாவை நடத்தினார். டெர்ரி வெனபிள்ஸ் 1985-இல் பார்சிலோனாவுக்கும், வேல்ஸின் ஜான் டோஷாக் 1990-இல் ரியல் மாட்ரிட்டுக்கும் ஸ்பெயின் பட்டம் வாங்கித்தந்தார்கள். இந்திய அணியை 2006 முதல் 2011 வரை நடத்திய பாப் ஹவுட்டனை நம்மில் பலருக்குத் தெரியும். ஸ்வீடனின் மால்மோவை 1979 ஐரோப்பியக் கோப்பை இறுதிக்கே கொண்டுபோனவர் அவர். சென்னையின் எஃப்சிக்கு 2018-இல் ஐஎஸ்எல் கோப்பை வாங்கித்தந்த ஜான் கிரிகரியும் ஆஸ்டன் வில்லாவை நடத்திவிட்டு வந்தவர்தான். பிரிமியர் லீகில் பதினொருவரும் இங்கிலாந்துக்காரர்களாகக் கடைசியாகக் களமிறங்கிய அணி, 1999 பிப்ரவரியில் கவென்ட்ரிக்கு எதிராக அவர் இறக்கிய அணி. அதில் 4–1 என்று தோற்றார்கள். பிறப்புச் சான்றிதழ் கோல் அடிக்காது.

இன்றோ ஒரு மொழி கூடுதலாகத் தெரிந்த பிரிட்டிஷ் மேனேஜரைத் தேடவேண்டியிருக்கிறது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து வெளியேறிய பிறகு அங்கே வேலை செய்ய அனுமதிச் சீட்டும் வேண்டும். ஆனாலும் முடியாதது இல்லை. 2024-இல் பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்குக்குப் போன லியம் ரொசீனியர் முதல் பருவத்திலேயே அணியை ஏழாம் இடத்துக்கும் ஐரோப்பியப் போட்டிக்கும் கொண்டுவந்தார். பெல்ஜியத்தில் பிறந்து வளர்ந்த ஆங்கிலேயர் வில் ஸ்டில், பிரான்ஸின் ரேம்ஸ் அணியை நடத்தியபோது ப்ரோ உரிமம் இல்லாததால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கிளப் 25,000 யூரோ அபராதம் கட்டியது. 17 லீக் ஆட்டம் தோல்வியில்லாமல் போனதால் கட்டியவர்களுக்கு வருத்தமில்லை.

எடி ஹவ் விஷயத்துக்கு வருகிறோம், ஏனென்றால் சரியாகச் செய்தால் எப்படி இருக்கும் என்பதற்கு அவர்தான் நடைமுறைச் சான்று. 17 புள்ளி கழிக்கப்பட்ட போர்ன்மவுத்தை நான்காம் நிலையில் கையிலெடுத்து முதல் நிலைக்கு ஏற்றியவர். 2020-இல் கீழிறங்கினார். வேலையில்லாமல் ஓராண்டுக்கு மேல் மற்றவர்களின் பயிற்சியைப் பார்த்துப் படித்தார். 2021 நவம்பரில் நியூகாசில் முதலில் கேட்டது எமெரியை. அவர் மறுத்ததால் ஹவ். அணி அப்போது 11 ஆட்டத்தில் ஒரு வெற்றியும் இல்லாமல் இருந்தது. பணம் இருந்தது உண்மை, சவுதிப் பணம். ஆனால் செல்சியைப்போல அதைக் கொட்டவில்லை. ஜனவரியில் ஐந்து பேர்: ட்ரிப்பியர், வுட், பர்ன், கிமராயிஸ், கடனாகத் தார்கெட். ஒவ்வொருவரும் மேனேஜருக்குத் தேவையான இடத்துக்கு வந்தவர்கள். பதினோராம் இடம், பிறகு நான்காம் இடம். 2023–24-இல் காயங்கள் குவிந்து ஏழாம் இடத்துக்குச் சரிந்தபோது கிளப் பதறவில்லை. அதற்கடுத்த பருவத்தில், 2025 மார்ச் 16 அன்று லீக் கோப்பை இறுதியில் லிவர்பூலை 2–1 என்று வென்றார்கள். நியூகாசிலுக்கு 70 ஆண்டில் முதல் உள்நாட்டுக் கோப்பை. பெரிய உள்நாட்டுக் கோப்பை ஒன்றை ஓர் இங்கிலாந்து மேனேஜர் வென்றது 2008-இல் போர்ட்ஸ்மவுத்தின் ஹாரி ரெட்னாப்புக்குப் பிறகு அதுதான் முதல்முறை. ஆர்சனல் மிக்கேல் ஆர்தெத்தாவிடம் காட்டிய பொறுமையும் இதே வகை: முதல் நியமனம், அடுத்தடுத்து இரண்டு எட்டாம் இடங்கள், அதன் பிறகு ஓர் ஐந்தாம் இடம், தொடர்ந்து மூன்று இரண்டாம் இடங்கள். இரண்டு எட்டாம் இடங்களுக்குப் பிறகு ஒரு பிரிட்டிஷ் புதுமுகம் வடக்கு லண்டனில் நாற்காலியில் இருந்திருப்பாரா என்று நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

இட ஒதுக்கீடு கேட்கவில்லை. 2010-ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் தேசியத்தையும் இனம் என்ற வகைக்குள் வைத்துப் பாதுகாக்கிறது. பாஸ்போர்ட்டை வைத்து வேலை ஒதுக்க முடியாது, ஒதுக்கவும் கூடாது. கேட்பது இவைதான்.

மேனேஜரைத் தேடும்போது புள்ளிப் பட்டியலை அப்படியே பார்க்காதீர்கள். சம்பளப் பட்டியலில் எத்தனையாவது இடம், லீகில் எத்தனையாவது இடம், இரண்டுக்கும் உள்ள இடைவெளி தொடர்ந்து எத்தனை பருவம் என்று பாருங்கள். ஒரு பருவம் அதிர்ஷ்டமாக இருக்கலாம், மூன்று இருக்காது. எக்ஸ்ஜி (வாய்ப்புகளின் தரத்தை வைத்து எதிர்பார்க்கும் கோல்) கணக்கில் கார்னர், ஃப்ரீ-கிக் போன்ற செட்-பீஸைப் பிரித்து எடுங்கள். அணி முன்னிலையில் இருக்கும்போது எப்படி ஆடியது என்று தனியாகப் பாருங்கள். பந்து எதிரணியிடம் இருக்கும் 60 நிமிடத்தை வைத்து, பந்து தன்னிடம் இருந்தால் இந்த ஆள் என்ன செய்வார் என்று முடிவுகட்ட முடியாது. அவரிடம் வந்த ஆட்டக்காரர்களில் எத்தனை பேர் இரண்டு ஆண்டில் முன்னேறினார்கள் என்று எண்ணுங்கள். கடைசியாக, ஒரு வாரம் அவருடைய பயிற்சி மைதானத்துக்கு ஆள் அனுப்புங்கள்.

உங்கள் முதல் அணியின் பயிற்சிக் குழுவில் இடம் கொடுங்கள். ஆர்தெத்தாவும், பின்னர் செல்சிக்கு வந்த என்சோ மரெஸ்காவும் மான்செஸ்டர் சிட்டியில் பெப் குவார்டியோலாவின் பக்கத்தில் நின்று கற்றவர்கள். நின்ற இடம் மான்செஸ்டர், நின்றவர்கள் ஸ்பெயினும் இத்தாலியும். யுனைடெட்டின் பயிற்சிக் குழுவில் இருந்துவிட்டு இப்ஸ்விச்சை அடுத்தடுத்து இரண்டு முறை மேலேற்றிய கீரன் மெக்கென்னாவைப் பார்த்தால் அந்த இடத்தின் மதிப்பு புரியும். ஆண்டனி பேரி கீழ்நிலை லீகுகளில் ஆடியவர். உரிமப் படிப்புக்காகப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட த்ரோ-இன்களை ஆராய்ந்தவர். செல்சி, பேயர்ன் என்று போய் இன்று டூஹெலுக்குத் துணையாக இங்கிலாந்து அணியில் இருக்கிறார். இப்படிப்பட்டவர்கள் இரண்டாம் நாற்காலியிலேயே ஓய்வுபெறாமல் இருக்க, பெரிய ஆறில் ஒவ்வொன்றும் ஒரு உள்ளூர்ப் பயிற்சியாளரைத் தலைமை மேனேஜர் மாறினாலும் மாறாத பதவியில் வைக்கலாம். மோய்ஸுக்கு அன்று இல்லாமல்போன ஆளும் அதுதான்.

பருவத்தின் நடுவில் நியமிக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால், அடுத்து வரும் முதல் விண்டோவில் மேனேஜர் பெயர் சொல்லிக் கேட்ட இடங்களுக்கு மட்டும் ஆள் வாங்குவோம், முதல் அணியை 25 பேருக்கு மேல் போகவிடமாட்டோம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுங்கள். இது வெளிநாட்டு மேனேஜருக்கும் பொருந்தும்; அவர்களுக்கும் நல்லது.

சங்கத்தாருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ப்ரோ உரிமம் முடிக்கும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டுச் சம்பளத்தில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டு, நெதர்லாந்து, பெல்ஜியம், போர்ச்சுகல், டென்மார்க், ஸ்வீடன், ஆஸ்திரியாவின் முதல்நிலைக் கிளப்புகளுக்குத் துணைப் பயிற்சியாளர்களாக அனுப்புங்கள். புறப்படுவதற்கு ஆறு மாதம் முன்பே மொழி வகுப்பு தொடங்கட்டும். வேலை அனுமதிக்கான வழக்கறிஞர் செலவும் உங்களுடையது. செயின்ட் ஜார்ஜ் பார்க்குக்கு ஆன செலவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய தொகை. உடைந்த நடுப்படியை இங்கே திரும்பக் கட்டும்வரை, அது இருக்கும் ஊர்களுக்கு உங்கள் ஆட்களை அனுப்புவதுதான் வழி.

இப்படிக்கு,
தமிழில் கால்பந்து எழுதும் சிலர்